மணி கேட்கிற பெயிண்டர்

"சார், மணி என்ன ஆச்சு?"

அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். மற்றவர்கள் வணக்கம் சொல்கிற இடத்தில் அவர் மணி கேட்பார். சொன்னதும், பெயிண்ட் படிந்த சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு டைரி ஒன்றை எடுப்பார். காதில் செருகிய பென்சிலால் நேரத்தைக் குறிப்பார். பக்கத்தில் நம் பெயரையும் எழுதுவார். கிளம்பும்போது ஒரு வாக்கியம் சேர்ப்பார்.

"வரேன் சார். நான் இன்னைக்கு நீலச் சட்டை."

ஆள் கொஞ்சம் கழன்றவர் என்றுதான் முதல் வருஷம் நினைத்திருந்தேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஜோக்கடிக்கிற பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுத்ததல்ல, வேறு எதற்கும் லாயக்கில்லாததால் நானே எடுத்துக்கொண்டது. "என்ன பெயிண்டரே, ராகுகாலம் பாத்துதான் பிரஷ்ஷ எடுப்பீரோ?" என்று கேட்டேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். என் ஜோக்குகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கிற சிரிப்பு அதுதான் என்பதால் எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு பேரலல் காலேஜில் நான் சோசியாலஜி எடுக்கிறேன். நிஜக் காலேஜில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு, நிஜக் காலேஜில் வேலை கிடைக்காத வாத்தியார்கள் பாடம் நடத்துகிற இடம் பேரலல் காலேஜ். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்பதால் பாடம் மலையாளத்தில், எரிச்சல் தமிழில். வருஷா வருஷம் மே மாதம், அட்மிஷனுக்கு முன்னால், காலேஜ் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க அவர் வருவார். வித்துராவுக்கு மேலே ஏதோ ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர். நாற்பது வயதிருக்கும். தமிழ் பேச ஆள் கிடைத்ததில் என்மேல் கொஞ்சம் ஒட்டுதல்.

அந்த டைரி எதற்கு என்று எனக்குத் தெரியவந்தது ஒரு வகுப்பில். லீவில், பரீட்சையில் தோற்றவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம், குற்றமும் சமத்துவமின்மையும். பத்து மார்க் கேள்வி. ஐந்து பாயிண்ட்டாக எழுதினால் முழு மார்க் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே ஏணியில் நின்று சட்டத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஜன்னலுக்கு ஒரு மணி நேரம் எடுக்கிறாரே, கூலி கூட்டுகிறார் போல என்றுதான் நினைத்தேன்.

கிளாஸ் முடிந்து வெளியே வந்தபோது ஏணியிலிருந்து இறங்கினார்.

"சார், அந்த மூணாவது பாயிண்ட்டு நான்தான்."

"எது?"

"ஒரு தடவ ஒருத்தன கள்ளன்னு எழுதி வச்சிட்டா, பெறவு அவன் என்ன செஞ்சாலும் ஊரு அப்படித்தான் பாக்கும்னு சொன்னீங்கல்ல. ரெண்டாவது பாயிண்ட்டும் கொஞ்சம் நான்தான். ஒண்ணாவது இல்ல."

ஒன்றாவது பாயிண்ட், வறுமை குற்றத்துக்கு ஒரு காரணம் என்பது. அது ஏன் இல்லை என்று கேட்டேன்.

"எங்க லயத்துல பூட்டே கிடையாது சார். கதவ கயத்தால கட்டுவோம், நாய் வராம இருக்க. சம்பளம் வராம மாசக்கணக்கா கிடந்திருக்கோம். ஒரு வீட்டுலயும் ஒண்ணும் காணாம போனதில்ல. அங்க எல்லாருக்கும் இல்ல சார். இங்க வந்தப்பதான் எனக்கு மட்டும் இல்லன்னு தெரிஞ்சுது."

இதே விஷயத்தை, இரண்டாவது பாயிண்ட்டாக, நான் பலகையில் நாலு வரியாக எழுதி, அடிக்கோடிட்டு, பாதிப் பேருக்குப் புரியவைக்க முடியாமல் அரை மணி நேரம் திணறியிருந்தேன். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "நாளைக்கு நீரே வந்து கிளாஸ் எடும், நான் பெயிண்ட் அடிக்கேன்" என்றேன். "பெயிண்ட்டு கஷ்டம் சார்" என்றார்.

அவர் திருடியது ஒரு மிக்ஸி. அதை மறைத்ததே இல்லை.

புதுசாய்க் கல்யாணம் ஆன வீடு. உள்ளறைக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் நாலு மிக்ஸி, எல்லாம் கல்யாணத்துக்கு வந்தவை, ஒன்றின் பெட்டிகூடப் பிரிக்கவில்லை. இவர் வீட்டில் அப்போது மனைவி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். வாடகை வீட்டின் சொந்தக்காரி, அம்மிச் சத்தம் தலைவலி என்று தினமும் சண்டை.

"நாலுல ஒண்ணு போனா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன் சார். அவங்களுக்கு நாலும் தெரிஞ்சிருக்கு. எது யார் கொடுத்ததுன்னு சீட்டு ஒட்டியிருந்திச்சு. நான் எடுத்தது மாப்பிள்ளையோட பெரியம்மா கொடுத்தது."

பன்னிரண்டு நாள் உள்ளே இருந்தார். பிறகு அந்த வீட்டுக்காரர்களே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஸ்டேஷனில் பெயர் ஏறிவிட்டது. அன்றிலிருந்து நாலு தெரு சுற்றளவில் எது காணாமல் போனாலும் இவரைக் கூப்பிடுவார்கள். சைக்கிள், காஸ் சிலிண்டர், ஒரு தடவை ஒரு கிளி. "கிளிக்குமா?" என்று கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் சிரித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்து, "ராத்திரி பூரா உக்கார வச்சிட்டாங்க சார். காலைல கிளி அதுவா வந்திருச்சு" என்றார்.

கிளிக்குப் பிறகுதான் டைரி. எங்கே, எப்போது, யாரோடு இருந்தோம் என்பதற்கு எழுத்து இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஸ் டிக்கெட், டீக்கடை சீட்டு, ஆஸ்பத்திரி டோக்கன் எல்லாம் சேர்த்தார். பஸ் டிக்கெட்டின் மை சில மாதத்தில் மங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து, ஜெராக்ஸ் எடுத்து வைத்தார். ஆற்றுக்கால் பொங்கலைக்கு ஊரே தெருவில் அடுப்பு கூட்டியிருக்கும், வீடெல்லாம் காலியாகக் கிடக்கும். அவர் முந்தின நாளே வித்துரா பஸ் ஏறி மலைக்குப் போய்விடுவார். "கூட்டம் கூடுற நாள்ல நான் ஊர்ல இருக்கப்படாது சார். சாமிக்குத் தெரியும், வருத்தப்படாது."

சாட்சிகளைத் தரம் பிரித்து வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூட வேலை செய்கிற பெயிண்டர்களிடம் மணி கேட்கவே மாட்டார்.

"அவனுங்க சொன்னா ஸ்டேஷன்ல எடுக்காது சார். அவனுங்க பேரும் அங்க உண்டு. டீக்கடைக்காரர் அரை சாட்சி. ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் ஒருத்தர் காலைல நடக்க வருவார், அவர் முழு சாட்சி. வீட்டு அம்மாமாருகிட்ட கேக்க மாட்டேன். மணி கேட்டதே கேஸாயிரும்."

"நான்?"

அவர் தயங்கினார். "நீங்க முக்கால் சார். கவர்மெண்ட் காலேஜா இருந்தா முழுசு."

வீட்டில் போய் இதைச் சொன்னபோது என் மனைவி, "முக்கால் கூடுதல்" என்றாள்.

கையில் போன் இருக்கிறதே, எதற்கு ஆளைக் கேட்க வேண்டும் என்று ஒரு நாள் கேட்டேன். காட்டினார். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பட்டன் போன். பேட்டரி விலகினால் அணைந்துபோகும், மறுபடி போட்டால் மணி பன்னிரண்டிலிருந்து தொடங்கும். "சரியா ஓடினாலும் பிரயோசனம் இல்ல சார். என் போனு எனக்கு சாட்சி சொல்லுமா? சார் சொன்ன நேரம்னாதான் அது நேரம்."

அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளாமல் இதை எழுதி முடிக்க முடியாது.

போன வருஷம் மே மாதம், எங்கள் காலேஜிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் மூன்று பவுன் சங்கிலி காணாமல் போனது. அந்த அம்மா குளிக்கப் போகுமுன் மேஜைமேல் கழற்றி வைத்தது. எதிர்வீட்டு கேமராவில், பதினொன்று ஆறுக்கு, தொப்பி போட்ட ஒருவன் கேட்டைத் திறந்து வெளியே போவது பதிவாகியிருந்தது. முகம் இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர் இவர். அன்று சாயந்திரமே கூட்டிப்போய்விட்டார்கள்.

அவர் பயப்படவில்லை என்று பிறகு சொன்னார். டைரி கையில் இருந்தது. அன்று காலை பத்தே முக்காலுக்கு ஹார்ட்வேர் கடையில் பிரைமர் விலை கேட்டிருக்கிறார், கடைக்காரரிடம் மணியும் கேட்டிருக்கிறார். அங்கிருந்து நேரே எங்கள் காலேஜுக்கு நடந்து வந்திருக்கிறார். இருபது நிமிஷ நடை. அந்த வருஷ வேலையை எப்போது தொடங்கலாம் என்று என்னிடம் விசாரித்துவிட்டு, வழக்கம்போல் மணி கேட்டார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கி வராந்தாவில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, "பதினொண்ணு நாப்பது" என்றேன். எழுதிக்கொண்டார். "வெள்ளைச் சட்டை சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எனக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போனேன். நல்லபடியாகச் சாட்சி சொல்ல வேண்டும் என்ற வேகம் இருந்தது. ஆட்டோவில் போகும்போது, வைவாவுக்குப் போகிற மாணவன் மாதிரி, பதினொண்ணு நாப்பது, பதினொண்ணு நாப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எஸ்.ஐ. இளைஞர், மரியாதையானவர். "சாறு இரிக்கு" என்று நாற்காலியைக் காட்டினார். உள்ளறைச் சுவரோரம் தரையில் அவர் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

எஸ்.ஐ. டைரியைத் திறந்து என்னிடம் காட்டினார். மலையாளத்தில்தான் கேட்டார்.

"இது நீங்க சொன்ன நேரம்தானா சார்?"

"ஆமா. பதினொண்ணு நாப்பது. நானே கிளாக்க பாத்துச் சொன்னேன்."

"ஐஞ்சு பத்து நிமிஷம் முன்னே பின்னே இருக்குமோ?"

இங்கேதான் நான் முழுச் சாட்சியாக ஆசைப்பட்டேன். "ஒரு நிமிஷம் மாறாது. எங்க காலேஜ்ல ஒழுங்கா நடக்கிற ஒரே சாதனம் அந்தக் கிளாக்குதான்" என்றேன்.

எஸ்.ஐ. சிரித்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஸ்டேஷன் ரைட்டரும் சிரித்தார். என் ஜோக்குக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் சிரிப்பது அபூர்வம். வெளியே வரும்போது உள்ளறையைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், எல்லாம் சரியாகிவிட்டது என்கிற அர்த்தத்தில். அவர் கை கூப்பி, "நன்றி சார்" என்றார்.

மறுநாள் காலை ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனேன். வராந்தாக் கடிகாரத்தில் ஒன்பதரை. வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. வழக்கம்தான். ஏனென்றால் உண்மையான மணி எட்டு ஐம்பத்தைந்து. பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள் என்று எங்கள் பிரின்சிபால் அந்தக் கடிகாரத்தை முப்பத்தைந்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்து நாலு வருஷமாகிறது. முதல் வாரமே பிள்ளைகள் கண்டுபிடித்து, கழித்துக் கணக்குப் போட்டுப் பழைய நேரத்துக்கே வர ஆரம்பித்தார்கள். வாத்தியார்களும் கழித்துக்கொள்வோம். காலேஜில் எல்லாரும் கழித்துக்கொள்வோம். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

வெளியாளுக்குச் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருஷமாக என்னிடம் மணி கேட்டவருக்கு, அந்த நாலு வருஷத்தில் எத்தனை நாள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து அப்படியே சொன்னேனோ, எத்தனை பக்கத்தில் அவர் அப்படியே எழுதினாரோ, எனக்குத் தெரியாது.

அவர் என் முன்னால் நின்றபோது உண்மையான நேரம் பதினொன்று ஐந்து. தொப்பிக்காரன் கேட்டைத் திறந்தது பதினொன்று ஆறு. அவரைக் காப்பாற்ற வேறெதுவும் வேண்டாம், அது போதும். ஆனால் டைரிப்படி இருபது நிமிஷ நடைக்கு அவர் ஐம்பத்தைந்து நிமிஷம் எடுத்திருக்கிறார். வழியில்தான் அந்த வீடு. நடுவில் முப்பத்தைந்து நிமிஷம் எங்கேடா போனாய் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த முப்பத்தைந்து நிமிஷத்தைத்தான், ஒரு நிமிஷம் மாறாது என்று சொல்லி, நான் உறுதிப்படுத்திவிட்டு வந்திருந்தேன்.

உடனே ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பிரின்சிபாலிடம் போனேன். அவர் ரொம்ப நேரம் கடிகாரத்தையே பார்த்தார்.

"எடோ, அட்மிஷன் சமயம். காலேஜ் கிளாக் பொய்னு போலீஸ்ல எழுதிக் கொடுத்தா நாளைக்கு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் வாட்ஸாப்ல வரும். ரெண்டு நாள் பொறு. அவன எப்பவும் விட்டுருவாங்கல்ல?"

எப்பவும் விட்டுவிடுவார்கள்தான். கிளிக்கு விட்டார்கள், சிலிண்டருக்கு விட்டார்கள். அந்த யோசனை எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. சொன்னதை மாற்றிச் சொன்னால் எஸ்.ஐ. என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்கிற கவலையும் இருந்தது. என்னைச் சந்தேகப்படுவார் என்றல்ல, சிரிப்பார் என்று. சிரிக்க வைத்தே பிழைக்கிறவனுக்கு, யாராவது தன்னைப் பார்த்துச் சிரிப்பதென்றால் அப்படியொரு பயம். அந்த இரண்டு நாளும் வகுப்பெடுத்தேன். பாடம் அதுதான். மூன்றாவது பாயிண்ட்டைப் பலகையில் எழுதி, முக்கியம் என்று நட்சத்திரம் போட்டேன்.

மூன்றாம் நாள் போனேன். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார். கடிகாரம், பிரின்சிபால், பிள்ளைகள், முப்பத்தைந்து நிமிஷம். சிரிக்கவில்லை.

"எழுதிக்கறேன் சாறே. ஆனா ஆள் சம்மதிச்சு. நேத்து ரிமாண்ட் ஆயி."

சம்மதித்துவிட்டார் என்றால், குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஸ்டேஷனில் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்று இலவச சட்ட உதவி வக்கீலம்மா சொன்னார். என் புது வாக்குமூலம் விசாரணையின்போது உதவும் என்றும் சொன்னார். விசாரணை எப்போது என்றதற்குக் கையை விரித்தார். ஜாமீன் பத்து நாளிலேயே கிடைத்தது. ஆனால் ஜாமீனுக்கு நிற்க, சொந்த நிலத்துக்கு வரி கட்டிய ரசீதோடு இரண்டு பேர் வேண்டும். அவருக்குத் தெரிந்த பெயிண்டர்களில் ஒருவரிடமும் நிலமில்லை. லயத்தில் பிறந்தவர்களுக்கு, மூன்று தலைமுறை உழைத்தாலும், நிற்கிற தரை எஸ்டேட்டுடையது. உத்தரவு கையில் இருந்தும் மேலும் பதின்மூன்று நாள் உள்ளே கிடந்தார், ரசீது இல்லாததால். என் பாடத்தில் இந்தப் பாயிண்ட் இல்லை.

என் பெயரில் மூன்றரை செண்ட் இருக்கிறது. நான் ஒருவன். இன்னொருவரை, அந்த நடைப்பயிற்சி பேங்க் மேனேஜரை, வீட்டு வாசலில் போய் நின்று கெஞ்சி அழைத்து வந்தேன். அவருக்கு இவரை ஞாபகமிருந்தது. "தினமும் மணி கேட்பான், பாவம், வாட்ச் இல்ல போல" என்றார்.

வெளியே வந்த அன்று, வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிரே டீ குடித்தோம். தாடி வளர்ந்திருந்தது. சட்டைப் பை தட்டையாக இருந்தது. டைரி இப்போது ஸ்டேஷனில், அவருக்கு எதிரான ஆதாரமாக. கிளாக் விஷயத்தைச் சொன்னேன். வக்கீலம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் டீயை ஊதினார்.

"ஏன் ஒத்துக்கிட்டீரு?" என்றேன் கடைசியில்.

"நான் அவ்வளவு நேரம் ஆகலன்னு சொல்லிட்டே இருந்தேன் சார். கால் நடந்த தூரம் எனக்குத் தெரியாதா? பெறவு, சாரே வந்து ஒரு நிமிஷம் மாறாதுன்னு சொல்லிட்டாருன்னாங்க. சரி, சார் பொய் சொல்ல மாட்டார். எனக்கே சந்தேகம் வந்திருச்சு. நடுவுல எங்கயோ போயிருப்பேன் போலன்னு."

கடைக்காரர் டீயோடு கடி, வடையோ பஜ்ஜியோ, வேண்டுமா என்று கேட்டார். எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

"சார் ஒண்ணு சொன்னா தப்பா எடுக்கப்படாது."

"சொல்லும்."

"ஜாமீனுக்கு நின்னீங்க, மறக்க மாட்டேன். ஆனா இனியும் கூப்பிடுவாங்க. கூப்பிடாம இருக்க மாட்டாங்க. அப்ப ஸ்டேஷன்லருந்து உங்களுக்கு போன் வந்தா…" டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க வர வேண்டாம் சார்."

கோபமே இல்லை குரலில். எனக்கு ஒரு சிரமத்தைக் குறைத்துக் கொடுக்கிற மாதிரித்தான் சொன்னார்.

"சரி" என்றேன்.

அவர் முகத்தில், காலையிலிருந்து முதல் தடவையாக, ஒரு நிம்மதி வந்தது.